அமெரிக்க வரலாறு பேப்பர்ல கடலைக் காணோம்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பி.ஏ. வரலாறு பாடத்திட்டக் குழுவுல இருக்கிற ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் வணக்கம்.

எந்த யுனிவர்சிட்டின்னு பேர் போடலை. போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்ல, நான் பார்த்த வரைக்கும் அமெரிக்க வரலாறுன்னு ஒரு பேப்பர் வச்சிருக்கிற இடத்துல எல்லாம் உள்நாட்டுப் போர் (1861-65ல, அடிமை முறைய விடாம பிரிஞ்சு போன தென் மாநிலங்களோட வடக்கு போட்ட சண்டை) யூனிட் ஒரே அச்சுல வார்த்த மாதிரிதான் இருக்கு. அடிமை முறை, மிசௌரி சமரசம், ட்ரெட் ஸ்காட் வழக்கு, லிங்கன் ஜெயிச்சது, சம்டர் கோட்டையில சுட்டது, கெட்டிஸ்பர்க், விடுதலைப் பிரகடனம், தெற்குத் தளபதி லீ சரணடைஞ்சது, லிங்கனைச் சுட்டது, யூனிட் முடிஞ்சது. கடல் எங்கன்னு தேடுனா "வடக்கு மாநிலங்கள் தென் துறைமுகங்களை முற்றுகையிட்டன"ன்னு ஒத்தை வரி, கைடு போடுறவங்க இடம் பத்தலைன்னா முதல்ல வெட்டுறதும் அந்த வரியைத்தான்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல டிகிரி பசங்களுக்கு வரலாறு டியூஷன் எடுக்குறவன். ரெகுலர் காலேஜ் பசங்க கொஞ்சம், அஞ்சல் வழியில படிக்கிறவங்கதான் நிறைய. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், தாழங்குடா, ராசாப்பேட்டைன்னு கரையோர ஊர்ப் பசங்க, விடியக்காலம் போட்டுல போயிட்டு வந்து கொஞ்சம் தூங்கி எழுந்து சாயங்காலம் நோட்டோட வந்து உக்காருவாங்க. இவங்ககிட்ட கெட்டிஸ்பர்க்ல எந்தப் படை எந்த மேட்டுல ஏறுச்சுன்னு போர்டுல அம்புக்குறி போட்டா கொட்டாவிதான். அதே போர்டுல சார்ல்ஸ்டன் துறைமுகத்தோட முகத்துவாரத்தை வரைஞ்சு, இங்க மணல் திட்டு, இங்க ஓடை, கப்பல் எந்தப் பக்கமா உள்ள வரும்னு கேட்டா எழுந்து வந்து என் கையில இருக்கிற சாக்பீஸை வாங்கித் திருத்துறாங்க. ஆனா அதுக்கு மார்க் கிடையாது. என்னோட கோரிக்கை ஒண்ணுதான்: அந்தப் போரோட கடல் பக்கத்துக்கு ஒரு முழு பாடம் கொடுங்க, ஒத்தை வரி வேணாம். போனா போகுதுன்னு ஓரத்துல சேர்க்கிற ஐட்டமா இதை நான் கேக்கல. அந்தப் போரு எப்படி முடிஞ்சுதுங்கிறதுக்கும், யாரு யாரால விடுதலை ஆனாங்கிறதுக்கும், அது நம்ம ஊரு வரைக்கும் எப்படி வந்துச்சுங்கிறதுக்கும் பதில் கடல்லதான் இருக்கு.

முதல்ல அளவை யோசிங்க. 1861 ஏப்ரல் 19ல லிங்கன் முற்றுகைய அறிவிக்கிறாரு. அடைக்க வேண்டிய கரை சுமார் 3,500 மைல், நம்ம தமிழ்நாட்டுக் கரை மொத்தமும் சேர்த்தா ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம், அந்த மாதிரி அஞ்சு பங்கு. அதுக்கு அவங்க கையில ஓடுற நிலையில இருந்த போர்க்கப்பல் 42, அதுலயும் பல கப்பல் எங்கயோ தூர தேசத்துக் கடல்ல. இன்னொரு சிக்கல், 1856 பாரிஸ் பிரகடனப்படி பேப்பர்ல அறிவிச்சா மட்டும் முற்றுகை செல்லாது, வாசல்ல நிஜமாவே கப்பல் நிக்கணும், இல்லன்னா பிரிட்டனும் பிரான்சும் "இதெல்லாம் முற்றுகையா"ன்னு கேட்டுட்டு பஞ்சு ஏத்த வந்துடும். அமெரிக்கா அதுல கையெழுத்துப் போடலை, ஆனாலும் அந்த விதிய மதிச்சு நடந்துக்க வேண்டிய கட்டாயம். அதனால கடற்படை மந்திரி கிடியன் வெல்ஸ் கண்ணுல பட்ட எல்லாத்தையும் வாங்குறாரு, பயணிகள் கப்பல், சரக்குக் கப்பல், ஆத்துல அக்கரைக்கு ஆள் ஏத்துற ஃபெர்ரி கூட விடல, அதுல ரெண்டு பீரங்கிய ஏத்தி போர்க்கப்பல்னு அனுப்புறாங்க. போர் முடியிறப்ப 600க்கு மேல கப்பல். ஒரு அரசாங்கம் நாலு வருஷத்துல இப்படி ஒரு கடற்படைய எங்கிருந்து கொண்டு வந்துச்சு, பணம் எங்கிருந்து, ஆள் எங்கிருந்துன்னு கேட்டாலே ஒரு பத்து மார்க் கேள்வி ரெடி.

கப்பல் மட்டும் இருந்தா போதாது. அது நீராவிக் கப்பல், கரி தீர்ந்தா வடக்கே வீட்டுக்குத்தான் திரும்பணும், போயிட்டு வர்ற நேரத்துல வாசல் திறந்து கிடக்கும். அப்ப எதிரியோட கரையிலயே கரி போட, ரிப்பேர் பார்க்க ஒரு இடம் வேணும். இதை உக்காந்து யோசிக்கத்தான் 1861 கோடையில ஒரு சின்னக் குழு போட்டாங்க, அதுல கடற்படை கேப்டன் டூ பான்ட் கூட, கரையோர அளவைத் துறைத் தலைவர் பாஷும் இருந்தாரு. இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். போர்த் திட்டம் போடுற மேசையில, எந்த முகத்துவாரத்துல எவ்வளவு ஆழம்னு வருஷக்கணக்குல அளந்து வச்சிருக்கிற டிபார்ட்மென்ட்டோட தலைவர் சரிசமமா உக்காந்திருக்காரு. அவங்க பொறுக்கி எடுத்த இடங்கள்ல ஒண்ணுதான் தென் கரோலினாவுல போர்ட் ராயல், சார்ல்ஸ்டனுக்கும் சவன்னாவுக்கும் நடுவுல, பெரிய கப்பல் நிக்கிற ஆழம்.

1861 நவம்பர் 7. டூ பான்ட்டோட கப்பல்கள் ஒரு இடத்துல நங்கூரம் போட்டு நின்னு சுடாம, ரெண்டு கோட்டைக்கும் நடுவுல நீள்வட்டமா சுத்திச் சுத்தி வந்து சுட்டுச்சு, கரையில இருந்த பீரங்கிக்காரங்களுக்குக் குறி வைக்கவே முடியல. சில மணி நேரத்துல கோட்டை காலி. தெற்குப் பக்கம் அங்க தளபதியா இருந்தவரு தாமஸ் டிரேட்டன், எதிர்ல சுட்ட கப்பல்ல ஒண்ணுக்கு கேப்டன் அவரோட சொந்தத் தம்பி பெர்சிவல் டிரேட்டன். உள்நாட்டுப் போர்னா என்னன்னு ஒரு பக்கம் விளக்கம் எழுதறதுக்கு இந்த ஒரு வரி போதும் பசங்களுக்கு.

ஆனா நான் சொல்ல வர்ற மேட்டர் அதுக்கு அப்புறம் நடந்தது. கப்பல் வந்ததும் அந்தத் தீவுகள்ல இருந்த பஞ்சுத் தோட்ட முதலாளிங்க எல்லாம் கிடைச்ச படகுல ஏறி உள்நாட்டுக்கு ஓடிட்டாங்க. அடிமையா வச்சிருந்த ஜனங்களையும் இழுத்துட்டுப் போகப் பார்த்தாங்க, பெரும்பாலானவங்க வர மாட்டேன்னு காட்டுலயும் சதுப்புலயும் ஒளிஞ்சுக்கிட்டு அங்கயே நின்னுட்டாங்க, சுமார் 10,000 பேர். சட்டப்படி அவங்க இன்னும் சுதந்திரம் ஆகல, அரசாங்கம் "எதிரியோட சொத்து, பறிமுதல்"னு ஒரு கேவலமான கணக்குல வச்சிருந்துச்சு. ஆனா எஜமான் இல்ல. கூலிக்கு வேலை செஞ்சாங்க, வடக்குல இருந்து வாத்தியாருங்க வந்தாங்க, 1862லயே செயின்ட் ஹெலினா தீவுல பென் ஸ்கூல் ஆரம்பிச்சாச்சு, அடுத்தடுத்த வருஷங்கள்ல சிலர் நிலம் கூட வாங்கினாங்க. இப்ப நம்ம கேள்வித்தாளுக்கு வாங்க. "அடிமைகள் எப்போது விடுவிக்கப்பட்டனர்?" பதில்: 1863 ஜனவரி 1. ஒரு மார்க். அதுக்கு மாசக்கணக்கா முன்னாடியே ஒரு தீவுக் கூட்டத்துல பள்ளிக்கூடம் நடந்துக்கிட்டு இருந்துச்சே, அது எந்த விடையில வரும்? கடலை வெட்டுனீங்கன்னா இந்த ஜனங்களையும் சேர்த்து வெட்டிடுறீங்க. போர்ட் ராயல் இல்லாம அந்த யூனிட் லிங்கன் மேலருந்து கொடுத்த வரமாத்தான் தெரியும்.

வெல்ஸ் இன்னொண்ணும் செஞ்சாரு, 1861 செப்டம்பர்லயே தப்பி வந்த கறுப்பின ஆளுங்களைக் கப்பல்ல சேர்த்துக்கலாம்னு உத்தரவு. ராணுவம் அதைச் செய்ய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மொத்தம் சுமார் 18,000 பேர் அந்தக் கடற்படையில வேலை பார்த்திருக்காங்க. கேள்வித்தாள்ல இதுவரைக்கும் ஒரு தடவையாவது பார்த்த ஞாபகம் இல்ல.

இப்ப முகத்துவாரக் கதை. கடலூர்ல கெடிலமும் பரவனாறும் வந்து சேர்ற இடத்துல மணல் அடைக்கிற பிரச்சனை எல்லாருக்கும் தெரியும், அரியாங்குப்பம் ஆத்துவாயில தூர் வாரச் சொல்லி புதுச்சேரிக்காரங்க கத்துறது பேப்பர்ல வருஷா வருஷம் வரும். பெரிய கப்பல் வெளிய நங்கூரம் போட்டு நிக்கும், சரக்கு படகுலதான் கரைக்கு வரும், இதுதான் நம்ம முதுநகர் துறைமுகத்தோட பழைய கதை. சார்ல்ஸ்டனும் அப்படித்தான், வாசல்ல மணல் திட்டு, அதுக்கு நடுவுல ஓடைகள், எந்த ஓடையில எத்தனை பாகம் தண்ணின்னு தெரிஞ்சவன்தான் உள்ள வர முடியும். 1861 டிசம்பர்ல வடக்குக்காரங்களுக்கு ஒரு ஐடியா, பழைய திமிங்கில வேட்டைக் கப்பல்களை வாங்கி, வயிறு நிறைய கருங்கல் ஏத்தி, சார்ல்ஸ்டன் வாசல்ல ஓட்டையப் போட்டு மூழ்கடிச்சா ஓடை அடைஞ்சுடும்னு. நான் இதை கிளாஸ்ல சொல்லிட்டு இருக்கும்போதே, முடிவைச் சொல்றதுக்கு முன்னாடி, சிங்காரத்தோப்புப் பையன் ஒருத்தன் பின் பெஞ்சுல இருந்து "அடைக்காது சார், நீவாடு (நீரோட்டம்) பக்கத்துலயே வேற வழி வெட்டிக்கும், கல்லு மண்ணுக்குள்ள போயிரும்"னான். எப்படிடா சொல்றன்னு கேட்டேன். "கல்லு கொட்டுனா ஒரு பக்கம் சேர்க்கும், ஒரு பக்கம் அரிக்கும் சார், புதுச்சேரியில பாக்கலையா"ன்னு திருப்பிக் கேட்டான். அங்க துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டுனப்புறம் வடக்குப் பக்கக் கடற்கரை அரிச்சுப் போனதை அவன் சொல்றான். சார்ல்ஸ்டன்ல நடந்ததும் அட்சரம் பிசகாம அதுதான், கப்பல் சேத்துல புதைஞ்சு, தண்ணி புது ஓடைய வெட்டிக்கிச்சு. அந்தப் பையன் போன செமஸ்டர்ல இந்த பேப்பர்ல அரியர். ஏன்னா அவனுக்குத் தெரிஞ்சதை அந்தக் கேள்வித்தாள் கேக்கல.

நியூ ஆர்லியன்ஸும் மணல்லதான் ஆரம்பிக்குது. தெற்கோட பெரிய ஊரு அது, மிசிசிப்பி ஆத்து மேல. 1862 வசந்தத்துல வடக்குக் கடற்படைத் தளபதி ஃபராகட் பெரிய கப்பல்களோட வந்து நின்னா ஆத்துவாய்த் திட்டைத் தாண்ட முடியல. கொலராடோங்கிற கப்பல் ரொம்ப ஆழம் இழுக்குதுன்னு வெளியவே விட்டுட்டாங்க, பென்சகோலாவ இலேசாக்கி, சேத்துல இழுத்து இழுத்து உள்ள கொண்டு வர வாரக்கணக்காச்சு. அப்புறம்தான் ஏப்ரல் 24 ராத்திரி ரெண்டு கோட்டைக்கும் நடுவுல பீரங்கி மழையில புகுந்து போனது. சினிமாவுக்கு அந்த ராத்திரி சீன் நல்லா இருக்கும், ஆனா போரு சேத்துலயே பாதி ஜெயிச்சாச்சு.

ராபர்ட் ஸ்மால்ஸை பாடத்துல வைக்காம விட்டதுக்கு என்ன காரணம்னு எனக்கு இன்னும் பிடிபடல. சார்ல்ஸ்டன்ல அடிமையா இருந்த 23 வயசுப் பையன், பிளான்டர்ங்கிற தெற்குப் படையோட சரக்கு ஸ்டீமர்ல சுக்கான் பிடிக்கிறவன். அந்தத் துறைமுகத்தோட ஒவ்வொரு திட்டும் ஒவ்வொரு ஓடையும் அத்துப்படி, ஆனா அடிமைங்கிறதால பைலட்ங்கிற பேரைக் குடுக்க மாட்டாங்க, சம்பளத்துல பெரும் பங்கு எஜமானுக்குப் போயிடும். 1862 மே 12 ராத்திரி கேப்டனும் மத்த வெள்ளைக்கார ஆபீசர்களும் விதிய மீறி கரையில தூங்கப் போயிட்டாங்க. விடியறதுக்கு முன்னாடி, 13ஆம் தேதி, ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பிட்டான். வழியில இன்னொரு துறையில நிறுத்தி, காத்துக்கிட்டு இருந்த பொண்டாட்டி பிள்ளைங்களையும் கூட்டாளிங்க குடும்பத்தையும் ஏத்திக்கிட்டான். கேப்டனோட வைக்கோல் தொப்பிய மாட்டிக்கிட்டு, அவரு நிக்கிற மாதிரியே நின்னு, ஒவ்வொரு கோட்டையத் தாண்டும்போதும் சரியான விசில் சிக்னல். சம்டர் கோட்டை பீரங்கிக்கு நேர் கீழ அவசரப்படாம, எப்பவும் போற வேகத்துலயே போனான். குண்டு எட்டாத தூரம் போனப்புறம் தெற்குக் கொடிய இறக்கி வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏத்துனான். வெளிய முற்றுகையில நின்ன கப்பல் சுடப் போன கடைசி நேரத்துலதான் அந்த வெள்ளைத் துணியப் பார்த்துச்சாம். 16 பேர் ஒரே ராத்திரியில விடுதலை, கூடவே பீரங்கிகளும், அதுக்கு மேல அவன் தலையில இருந்த துறைமுக விவரமும். தெற்குப் படை ஸ்டோனோ ஆத்து வாயில இருந்த பீரங்கிகளைக் காலி பண்ணிட்டதை அவன்தான் சொன்னான், அதை வச்சுத்தான் வடக்குக் கப்பல்கள் அந்த ஆத்துக்குள்ள போச்சு. பின்னால அவரு அமெரிக்க காங்கிரஸ்ல தென் கரோலினா உறுப்பினர், தான் பொறந்த இடத்துல பழைய எஜமானோட வீட்டையே விலைக்கு வாங்கி அதுல வாழ்ந்தாரு. இதைச் சொன்ன அன்னைக்கு என் கிளாஸ்ல யாரும் போனை எடுக்கல.

இரும்புக் கப்பல் சண்டைய நான் நீட்டப் போறதில்ல, கைடுல கடல்னு ஏதாவது இருந்தா அது ஒண்ணுதான் இருக்கு. 1862 மார்ச் 8ல தெற்கோட வர்ஜீனியாங்கிற கப்பல் வந்து ரெண்டு மரக்கப்பலை அழிச்சது, மறுநாள் வடக்கோட மானிட்டர் வந்து மல்லுக்கட்டுனது, யாரும் ஜெயிக்கல. அந்த மானிட்டர் அதே வருஷம் டிசம்பர் 31ல ஹேட்டரஸ் முனைக்கிட்ட புயல்ல மூழ்கிடுச்சு, தண்ணி மட்டத்துக்கு ஒட்டி உக்காந்திருக்கிற கப்பல் கொந்தளிக்கிற கடல்ல என்ன ஆகும்னு இங்க போட் ஓட்டுற எந்த ஸ்ராங்கைக் கேட்டாலும் சொல்வாரு. தெற்கோட ஹன்லி நீர்மூழ்கியும் அப்படித்தான், கையால சுத்துற கப்பல், சோதனையிலயே 13 பேர் செத்தாங்க, 1864 பிப்ரவரியில ஒரு கப்பலை மூழ்கடிச்சுட்டு தானும் 8 பேரோட திரும்பல. வீடியோ போடுறவங்களுக்கு நல்ல கன்டென்ட். போரை முடிச்சது இது ரெண்டும் இல்ல.

போரை முடிச்சதுல பெரிய பங்கு சும்மா நின்ன கப்பல்களுக்கு. மாசக்கணக்கா ஒரே இடத்துல, வெயில்லயும் ஊதக்காத்துலயும், ஒண்ணும் நடக்காம நிக்கிறது. இதை எப்படி பாடமா வைக்கிறதுன்னு நீங்க கேப்பீங்க. எதிர்ப் பக்கத்துல இருந்து வைங்க. முற்றுகைய உடைச்சு ஓடுற கப்பல்கள் பஹாமாஸ் தீவுகள்ல இருக்கிற நசாவுல இருந்தும் பெர்முடா தீவுல இருந்தும் கிளம்பும். நிறைய கப்பல் ஸ்காட்லாந்துல கிளைடு ஆத்துல கட்டினது, ஒல்லியா, நீளமா, தண்ணிய அதிகம் இழுக்காத சக்கரக் கப்பல். மங்கல் சாம்பல் பெயின்ட், புகை வராத கரி, அமாவாசை ராத்திரி, விளக்கு எல்லாம் அணைச்சு, சுருட்டு கூடப் பத்த வைக்கக் கூடாது, முன்னால பைலட் ஒருத்தன் ஆழம் பார்த்துக்கிட்டே வருவான். வட கரோலினாவுல வில்மிங்டன் துறைமுகத்துக்கு வழி கேப் ஃபியர் ஆறு, அதுக்கு ரெண்டு வாய், நடுவுல கடலுக்குள்ள நீளமா ஓடுற மணல் திட்டு. ஒரு வாயை அடைச்சா இன்னொண்ணு, அதான் அந்தத் துறைமுகம் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிச்சுது. உள்ள புகுந்த கப்பல்தான் அதிகம், மாட்டினது குறைவு. அப்படின்னா முற்றுகை தோல்வியா? இதைத்தான் நீங்க பரீட்சையில கேக்கணும். சிலர் தோல்விதான்னு சொல்றாங்க, தெற்குப் படை துப்பாக்கி இல்லாம ஒரு சண்டையும் தோக்கலையேன்னு. எனக்கு அது சரியாப் படல. முன்னாடி வந்துட்டிருந்த பெரிய பாய்மரச் சரக்குக் கப்பல் வர்றதே நின்னு போச்சு, ஒல்லிக் கப்பல்ல கொஞ்சம்தான் ஏறும், அதுலயும் லாபம் பார்க்கிறவன் பட்டும் பிராந்தியும்தான் ஏத்துவான். கடைசியில 1864ல தெற்கு அரசாங்கமே ஆடம்பரப் பொருளுக்குத் தடை போட்டு, கப்பல்ல பாதி இடம் எனக்குன்னு சட்டம் போட வேண்டி வந்துச்சு. இன்னொண்ணு, கரையோரமா துறைக்குத் துறை தோணியில போயிட்டிருந்த சரக்கு முழுக்க ரயிலுக்கு மாறுச்சு, புதுத் தண்டவாளம் செய்ய இரும்பு இல்ல, ரயில் தேய்ஞ்சு ஓஞ்சு போச்சு. ஒரு ஊர்ல சோளம் அழுகுது, இன்னொரு ஊர்ல பட்டினி. 1863 ஏப்ரல் 2ல தலைநகரம் ரிச்மண்ட்லயே பெண்கள் ரொட்டி கேட்டு கடைய உடைச்சாங்க.

உப்பையும் விட்டுடாதீங்க. அந்தக் காலத்துல படைக்குக் கறி போகணும்னா உப்புல போட்டுத்தான் போகணும், தெற்குக்கு உப்பு பெரும்பாலும் வெளியில இருந்து கப்பல்ல வந்துட்டிருந்துச்சு. அது நின்னதும் ஃபுளோரிடா கரையில ஆயிரக்கணக்கான பேர் கடல்தண்ணிய கொப்பரையில காய்ச்ச ஆரம்பிச்சாங்க, பெரிய பெரிய பாய்லரைப் பாதியா அறுத்து அதுல காய்ச்சினாங்க. வடக்குக் கடற்படை திரும்பத் திரும்ப இறங்கி அந்தக் கொப்பரைகளை உடைச்சுட்டுப் போகும், இவங்க மறுபடி கட்டுவாங்க. மரக்காணம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைங்களுக்கும் வீட்டுல கருவாடு போடுறவங்களுக்கும் உப்பு ஒரு போர்ப் பொருள்னு நான் விளக்கவே வேண்டியதில்ல, கொப்பரைய ஏன் உடைச்சாங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

இதை வீரக் கதையா மட்டும் நடத்தச் சொல்லலை. மலேரியாவுக்கு வேணும்ங்கிற குயினைனும் அந்த முற்றுகையில தடைதான். என் கிளாஸ்ல அகதி முகாம்ல பொறந்து வளர்ந்த பொண்ணு ஒண்ணு இருக்கு. குயினைன் பத்திச் சொன்னதும் அதுவரைக்கும் பேசாத பொண்ணு, "எங்க அம்மா யாழ்ப்பாணத்துல இருக்கேக்க பேட்டரிக்குத் தடை, சோப்புக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தடை சார், சைக்கிள் டைனமோவ மிதிச்சு ரேடியோ கேப்பாங்களாம்"னு சொல்லுச்சு. அவங்க வீட்டுல நடந்ததுக்கும் பரீட்சைக்கும் சம்பந்தம் இருக்குன்னு அந்தப் பொண்ணுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கு அப்புறம் அரை மணி நேரம் நான் நடத்தல, கிளாஸ் அதுவா நடந்துச்சு. முற்றுகையில கஷ்டப்படுறது முதல்ல யாரு, கடைசியில யாரு, தெற்குல அடிமையா இருந்தவங்களுக்கு ரேஷன் குறைஞ்சப்ப அதை யாரு எண்ணுனா, இப்படிப் போச்சு பேச்சு.

கடைசியா நம்ம பக்கம். தெற்கு முதல் வருஷம் தானாவே பஞ்சை அனுப்பாம நிறுத்திப் பார்த்துச்சு, பஞ்சு இல்லன்னா பிரிட்டன் ஓடி வந்து ஆதரவு குடுக்கும்னு ஒரு கணக்கு. கணக்கு தப்பாச்சு, முற்றுகை இறுகிடுச்சு, இங்கிலாந்துல லங்காஷயர் மில்லுங்க நின்னு போச்சு, மில்லுக்காரன் கண்ணு இந்தியா பக்கம் திரும்புச்சு. பம்பாய்ல பணம் கொட்டுச்சு, தூத்துக்குடியில இருந்து திருநெல்வேலிப் பஞ்சு கப்பல் ஏறுச்சு. புதுச்சேரியில அவுரி நீலம் ஏத்துன துணி பிரெஞ்சுக் கப்பல்ல செனகல் வரைக்கும் போயிட்டிருந்த காலம் அது. விதைச்சவனுக்கு விலை வந்துச்சு சரி, பஞ்சு விலை ஏறும்போது இங்க கைத்தறி நெசவாளி நூலுக்கு எங்க போயிருப்பான்னு ஒரு கேள்வி கேளுங்களேன். 1865ல லீ சரணடைஞ்ச சேதி வந்ததும் விலை விழுந்து பம்பாய்ல பேங்குகளும் கம்பெனிகளும் கவிழ்ந்துச்சு. இந்தியப் பொருளாதார வரலாறு பேப்பர்ல இது ஒரு பத்தி வரும், ஆனா அமெரிக்க வரலாறு பேப்பர்ல வராது, ரெண்டும் ஒரே சம்பவம்னு பையனுக்குத் தெரியாமலே டிகிரி முடிஞ்சுடும். அலபாமான்னு தெற்கோட கொள்ளைக் கப்பல், இங்கிலாந்துல கட்டினது, ஒரு தெற்குத் துறைமுகத்துலயும் கால் வைக்காம சுமார் 65 கப்பலைப் பிடிச்சது, 1864 ஜனவரியில மலபார் கரைக்கிட்ட ஒரு அமெரிக்கக் கப்பலைக் கொளுத்திட்டு, அதுல இருந்தவங்களை அஞ்சுதெங்குல இறக்கி விட்டுட்டுப் போச்சு. ஆமா, நம்ம திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து அஞ்சுதெங்கு. அந்த வருஷம் ஜூன் 19ல பிரான்ஸ் கரையில செர்பூர்கிட்ட வடக்குக் கப்பல் கியர்சார்ஜ் அதை மூழ்கடிச்சுது, அதுவும் அந்த மாதிரி வேற கப்பல்களும் பண்ண சேதத்துக்கு பிரிட்டன் 155 லட்சம் டாலர் கட்டணும்னு 1872ல தீர்ப்பாச்சு.

சொல்லப் போனா அமெரிக்கா பேப்பர்ல கடலூருக்கே இடம் இருக்கு. முதல் யூனிட் சுதந்திரப் போர்ல நீங்க பாஸ்டன் தேயிலையோட நிறுத்துறீங்க, அமெரிக்காவுக்கு ஆதரவா பிரிட்டனோட சண்டைக்கு வந்த பிரான்ஸோட அட்மிரல் சஃப்ரெனும் பிரிட்டிஷ் அட்மிரல் ஹியூஸும் 1783 ஜூன் 20ல கடைசியா மோதினது இந்த ஊருக்கு எதிர்க் கடல்லதான், ஐரோப்பாவுல பூர்வாங்க சமாதானம் ஜனவரியிலயே கையெழுத்தாகி, சேதி கப்பல்ல வந்துக்கிட்டு இருந்த நேரம். தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டை இடிபாட்டுக்குப் பக்கத்துல வீடு இருக்கிற பையன் இதைப் பரீட்சைக்கு எழுதக் கூடாதா?

நேரம் இல்ல, அஞ்சு யூனிட்டும் நிரம்பியிருக்குன்னுதான் சொல்வீங்க. போருக்கான காரணங்கள்னு நம்பர் போட்டு எட்டு பாயின்ட் மனப்பாடம் பண்ண வைக்கிறதைக் குறைங்க, ஜெனரல்கள் பேர் பட்டியலைத் தூக்குங்க, இடம் தானா வரும். மேப் கேள்வியில இப்ப கெட்டிஸ்பர்க், ரிச்மண்ட், வாஷிங்டன்னு குறிக்கச் சொல்றீங்க, அதுல போர்ட் ராயல், சார்ல்ஸ்டன், வில்மிங்டன், மொபைல்ங்கிற துறைமுகம், நியூ ஆர்லியன்ஸ் சேருங்க. "சிறுகுறிப்பு வரைக: மானிட்டர்"ங்கிறதை எடுத்துட்டு, "முற்றுகையை உடைத்த கப்பல்களே அதிகம், ஆயினும் முற்றுகை வென்றது, விவாதிக்க"ன்னு ஒண்ணு வைங்க. வில்மிங்டனைக் காத்த ஃபிஷர் கோட்டை 1865 ஜனவரி 15ல விழுந்ததுக்கும் ஏப்ரல் 9ல லீ சரணடைஞ்சதுக்கும் நடுவுல இருக்கிற மூணு மாசத்தைப் பத்தி ஒரு கேள்வி வைங்க, வில்மிங்டன் வழியாத்தான் லீயோட படைக்குச் சாப்பாடும் துணியும் போயிட்டிருந்துச்சு.

தமிழ்ல மெட்டீரியல் இல்லங்கிறது நியாயமான பேச்சுதான், நானே இங்கிலீஷ்ல படிச்சுட்டு வந்துதான் நடத்துறேன். சார்ல்ஸ்டன், போர்ட் ராயல், வில்மிங்டன் மூணு துறைமுகத்துக்கும் தமிழ்ல பேர் எழுதி, திட்டும் ஓடையும் ஆழமும் குறிச்ச வரைபடம் என்கிட்ட இருக்கு, பசங்களும் சேர்ந்து வரைஞ்சது. அடுத்த போர்டு மீட்டிங் என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு செட் ஜெராக்ஸ் போட்டு அனுப்பிடுறேன், கூரியர் செலவு என்னோடது.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு டியூஷன் வாத்தியார்